ஆலகாலமும் மூன்று மீட்டர் கோடும்

ஓம் நமசிவாய. 

போன மாதம் தானா ராத்தாவில் நம் இளைஞர் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் வைத்தோம். "உணவகங்களில் புகைபிடிக்கத் தடை: நியாயமா, அநியாயமா?" என்பது தலைப்பு. தேவாரம் பாடி முடித்ததும் சிகரெட்டைப் பற்றி என்ன பட்டிமன்றம் என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். சமயம் பூஜையறைக்குள் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. நாம் சாப்பிடும் மேசையிலும் அதற்கு இடம் உண்டு என்று எங்கள் வகுப்பு ஆசிரியர் பதில் சொன்னார். முடிவுரை பேசும் வேலையை எனக்குக் கொடுத்தார். அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஏ.சி. போட்ட சாப்பாட்டுக் கடைகளில் முன்பே தடை இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடைக்கு உள்ளே இருந்தாலும் ரோட்டோர மேசையாக இருந்தாலும், நாட்டின் எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கக் கூடாது என்று ஆனது. அப்போது சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அமாட். முதல் வருடம் எச்சரிக்கை மட்டும்தான். 2020 ஜனவரி 1 முதல் கம்பவுண்ட் போட ஆரம்பித்தார்கள். பிடிக்க வேண்டும் என்றால் மேசையிலிருந்து 3 மீட்டர், அதாவது 10 அடி தள்ளிப் போக வேண்டும். மீறினால் அப்போதைய விதிப்படி நீதிமன்றத்தில் அதிகபட்சம் 10,000 ரிங்கிட் அபராதம் அல்லது 2 ஆண்டு சிறை என்று இருந்தது. இப்போது 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் 852 நடப்பில் இருக்கிறது. வேப்பும் அதற்குள் வந்துவிட்டது.

இந்தத் தடையை எதிர்த்து ஏழு பேர் வழக்கும் போட்டார்கள். எங்கள் உரிமையைப் பறிக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். 2019 அக்டோபரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் கேஸ் முடிந்துவிட்டது. நம் கடைத்தெருவில் அது இன்னும் முடியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்த அதிகாரி வரப்போகிறார் என்று மேசையிலேயே பற்ற வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைச் சட்டத்தோடு விட்டுவிட முடியாது. தர்மத்திடமும் கேட்கத்தான் வேண்டும்.

பட்டிமன்றத்தில் தடைக்கு எதிராகப் பேசிய அண்ணன் நல்லாவே பேசினார். "என் காசு, என் நுரையீரல். நான் சாகிறது என் பாடு. கடை முதலாளிக்கும் சம்மதம், எனக்கும் சம்மதம். பிடிக்காதவன் வேற கடைக்குப் போகட்டும். நடுவுல கவர்மெண்டுக்கு என்ன வேலை?" கைதட்டல் பலமாக இருந்தது. இந்த வாதத்தை இளக்காரமாகத் தள்ளக் கூடாது. தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஒரு மனிதனுக்கு உண்டு. நம் சமயமும் யாரையும் கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சொர்க்கத்தில் உட்கார வைப்பதில்லை. அவரவர் வினைக்கு அவரவர் பொறுப்பு என்றுதான் சொல்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டுப்போகிறார். முதலாளி இருக்கிறார், வாடிக்கையாளர் இருக்கிறார். சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறவர் எங்கே?

என் அத்தை இங்கே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பல வருடம் பரிமாறும் வேலை செய்தவர். நான் ஸ்கூலில் படித்த காலம் அது, இந்தத் தடை வருவதற்கு முன்பு. வாழ்க்கையில் ஒரு தடவைகூட சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்தால் சேலை, முடி எல்லாம் சிகரெட் வாடை. குளிக்காமல் எங்களைத் தூக்க மாட்டார். "வெளிய போய்ப் பிடிங்கன்னு சொல்ல வேண்டியதுதானே அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன். "சாப்பிட வந்தவங்ககிட்ட எப்படிய்யா சொல்றது? நாளைக்கு வேலைக்கு வராதேன்னு மொதலாளி சொல்லிட்டா?" என்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

பிடிக்காதவன் வேறு கடைக்குப் போகலாம் என்பது சாப்பிட வந்தவருக்குப் பொருந்தும். பரிமாறுகிறவர் எங்கே போவார்? தட்டு கழுவுகிற பங்களாதேஷ் தம்பி எங்கே போவான்? தே தாரிக் ஆற்றுகிறவர் பத்து மணி நேரம் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிற நாலு வயசுப் பிள்ளை எழுந்து போக முடியுமா? அவர்களால் வாயைத் திறந்து சொல்ல முடியாது. அவர்களுக்காகச் சட்டம் பேசுகிறது. இந்தத் தடையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அயர்லாந்தில் 2004 மார்ச் 29 அன்று பப், உணவகம் எல்லாவற்றிலும் தடை வந்தது. ஒரு நாடு முழுவதற்கும் அப்படித் தடை போட்டது அதுதான் முதல் முறை. அந்தச் சட்டம் அங்கே வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக, வேலையிடச் சட்டமாகவே வந்தது. பப்புக்குப் போகிறவருக்கு அது பொழுதுபோகும் இடம், பீர் ஊற்றிக் கொடுக்கிறவருக்கு அது வேலை செய்யும் இடம். இந்தியாவில் கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. 2001-ல் இந்திய உச்ச நீதிமன்றமும், புகைபிடிக்காதவர் ஏன் பாதிக்கப்பட வேண்டும் என்ற கேள்வியை எழுப்பிப் பல பொது இடங்களில் தடை விதித்தது. எங்கே பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான். அடுத்தவன் மூச்சுக்கு யார் பொறுப்பு?

நான் பொறியியல் மாணவன். அதனால் இதைக் கொஞ்சம் என் பாடத்தின் வழியாகவும் பார்க்கிறேன். சிகரெட் புகையில் உள்ள துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். இவ்வளவு சின்னத் துகள் உடனே தரையில் படியாது. காற்றோடு மிதந்து, நுரையீரலின் அடிவரை போகும். பிடிக்கிறவர் இழுத்து விடும் புகையைவிட, விரலிடுக்கில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருகிற புகைதான் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகமாகப் போகிறது. அதுக்கு ஃபில்டரும் கிடையாது.

"ஃபேன் போட்டுட்டா போச்சு, புகைக்கத் தனி மூலை ஒதுக்கிட்டா போச்சு" என்றும் ஒரு தம்பி சொன்னான். சமையலறையில் சாம்பார் கொதிக்கும்போது முன் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் வாசனை வராமல் செய்ய முடியுமா? கட்டடங்களின் காற்றோட்டத்துக்கு அளவுகோல் வகுக்கிற ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கமே, காற்றோட்டத்தால் இந்த ஆபத்தைப் போக்க முடியாது, கட்டடத்துக்குள் புகைக்காமல் இருப்பதுதான் வழி என்கிறது. நம் ஊர் 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சாயங்காலம் பனி இறங்கினால் முதலில் ஜன்னலைத்தான் சாத்துவோம். "குளிருக்கு ஒரு தம்" என்று பற்ற வைப்பதும் அதே நேரத்தில்தான். கடைக்குள் வந்த புகை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதை நமக்குப் புரிய வைக்கப் பெரிய விஞ்ஞானம்கூட வேண்டாம். நாம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். தேயிலையை மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதே என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மல்லிகையோடு வைத்தால் மல்லிகை மணம் வரும். சீனாவில் பைன் மரப் புகையில் காய வைத்த தேயிலை கடைசிக் கோப்பை வரை புகை மணம்தான் வீசும். ஓர் இலைக்கே இப்படி என்றால், நிமிடத்துக்கு இருபது முப்பது தடவை மூச்சு விடுகிற குழந்தையின் நுரையீரல் எதை இழுத்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். உலகில் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், தாங்கள் புகைபிடிக்காமலேயே அடுத்தவர் புகையால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இப்போது நம் சமயம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறோம். எதற்காகப் பிரதோஷம்? பாற்கடலைக் கடைந்தபோது ஆலகால விஷம் எழுந்தது. அதன் வெப்பம் தாங்காமல் தேவரும் அசுரரும் ஓடினார்கள். சிவபெருமான் அதைக் கையில் வாங்கி உண்டார். கழுத்தோடு நிறுத்திக்கொண்டார். கீழே இறங்கவும் விடவில்லை, வெளியே வரவும் விடவில்லை. அதனால்தான் அவர் நீலகண்டன்.

"நான் விஷம் குடிக்கிறேன், என் தொண்டைதானே" என்கிற அண்ணனிடம் நான் கேட்டது இதுதான். சிவனும் விஷம் உண்டார், ஆனால் அதில் ஒரு துளிகூடப் பக்கத்தில் நின்றவர் மேல் படவில்லை. உங்கள் விஷத்தை உங்கள் தொண்டையோடு நிறுத்த முடியுமா அண்ணா? முடிந்தால் மேசையிலேயே உட்கார்ந்து பிடிங்க, யாரும் கேட்கப் போவதில்லை. பத்தே விநாடியில் வெளியே ஊதி, எதிரில் இருப்பவருக்குப் பங்கு கொடுத்துவிட்டு, "என் நுரையீரல், என் உரிமை" என்று சொன்னால் கணக்கு சரியாக வராது. உலகைக் காக்க விஷத்தைத் தன்னோடு நிறுத்திக்கொண்டவரைக் கும்பிடுகிற நாம், நம் விஷத்தை உலகத்துக்கு ஊதலாமா?

பதஞ்சலி யோக சூத்திரத்தில் யமங்கள் ஐந்து. அதில் முதலாவது அகிம்சை. வள்ளுவர் 'இன்னா செய்யாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். கத்தி எடுத்துக் குத்தினால்தான் இம்சை என்று நினைக்கக் கூடாது. தெரிந்தே அடுத்தவருக்குத் தீங்கு போய்ச் சேரும் காரியத்தைச் செய்வதும் இம்சைதான். முன்னே தெரியாது என்று சொல்லலாம். இப்போது பெட்டியிலேயே படம் போட்டு விற்கிறார்கள். தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்று, காற்று. ஐம்பூதங்களில் காற்றையும் இறைவன் வடிவாகக் கும்பிடும் மரபு நம்முடையது. காளத்தியில் சிவன் வாயு லிங்கமாக இருக்கிறார். உடம்பைக் கோயிலாகப் பார்க்கச் சொன்னவர் திருமூலர், மூச்சை எப்படி ஆள்வது என்றும் சொல்லிக் கொடுத்தவர். நிலத்துக்கு வேலி போடலாம், தண்ணீரைக் குடத்தில் அடைக்கலாம். காற்றுக்கு மட்டும் என் பங்கு, உன் பங்கு என்று பிரிக்க முடியாது. என் மூக்கிலிருந்து வந்ததுதான் உங்கள் மூக்குக்குள் போகிறது. உணவகத்தில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

விருந்தினரைத் தெய்வமாக எண்ணச் சொல்கிறது தைத்திரீய உபநிடதம். அன்னத்தைப் பழிக்காதே என்றும் அதே உபநிடதம் சொல்கிறது. நமக்கு இலை போட்டு, சோறு வைத்து, ரசம் வேண்டுமா என்று கேட்கிற அந்தக் கைக்கு நாம் திருப்பிக் கொடுப்பது என்ன? காசு கொடுத்துவிட்டோம் என்பதால் நன்றிக்கடன் தீர்ந்துவிடாது.

பட்டிமன்றத்தில் ஒரு தம்பி கடைசியாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "அண்ணே, நம்ம தோட்டத்து முனியாண்டி சாமிக்கே சுருட்டு வச்சுத்தானே படைக்கிறோம். சாமி பிடிக்கலாம், நாங்க பிடிக்கக் கூடாதா?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகப் படவில்லை. நம்மில் பலர் மனசில் இருக்கிற கேள்விதான் அது.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாகத்தான் அது இந்தியாவுக்கு வந்தது. அப்படியென்றால் சுருட்டுப் படையலுக்கு வயது சில நூறு வருடம்தான் இருக்க முடியும். காட்டை வெட்டித் தேயிலை நட்ட நம் கொள்ளுத்தாத்தாக்களிடம் தங்கமும் பட்டும் கிடையாது. கையில் இருந்ததை, தாங்கள் ஆசைப்பட்டதை, முதலில் சாமிக்கு வைத்தார்கள். அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முனியாண்டியின் வேலை என்ன? அவர் எல்லைக்காவல் தெய்வம். ஊருக்குள் தீங்கு வராமல் ராத்திரி பூராவும் கண் விழித்து நிற்கிறவர். குழந்தைகள் இருக்கிற இடத்துக்குத் தீங்கைக் கொண்டுவந்துவிட்டு, அதற்குக் காவல்காரர் பெயரையே சாட்சியாகச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

"சாம்பிராணியும் புகைதானே" என்றும் கேட்டார்கள். உண்மைதான். அடைத்த அறையில் எந்தப் புகையும் நுரையீரலுக்கு நல்லதில்லை. பூஜை முடிந்ததும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அளவோடு போடுங்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அதைக் காட்டி இதை நியாயப்படுத்த வேண்டாம்.

ஒரு விஷயத்தில் எதிரணி சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். அபராதம் பணக்காரருக்கு ஒரு வேளை சாப்பாட்டுக் காசு, தோட்டத் தொழிலாளிக்குப் பல நாள் கூலி. நாள் பூராவும் மலைச்சரிவில் நின்றுவிட்டு வருகிறவருக்கு அந்த ஒரு சிகரெட்தான் ஓய்வு என்பதும் தெரியும். நிகோட்டின் சும்மா விடாது, அது மூளையைப் பிடித்துக்கொள்கிற பொருள். புகைபிடிக்கிறவர் பாவி இல்லை, நம் அப்பாவும் மாமாவும் அண்ணனும்தான் அவர்கள். அதனால்தான் இந்தக் காரியத்தை அதிகாரியிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன். அதிகாரி வந்தால் கம்பவுண்ட் எழுதிக் கொடுப்பார். நாம் முந்திக்கொண்டு அன்பாகச் சொன்னால் அந்தக் காசு வீட்டில் தங்கும்.

எப்படிச் சொல்வது? நம் பழக்கத்தில் சின்னவர்கள் பெரியவர்களிடம் நேருக்கு நேர் சொல்வது கஷ்டம். எதிர்த்துப் பேசுகிறான் என்று பெயர் வரும். பணிவாகச் சொல்லுங்கள். "மாமா, பாப்பா பக்கத்துல உக்காந்திருக்கா. கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வாங்களேன். உங்க தே ஆறாம நான் பாத்துக்கறேன்." இவ்வளவு போதும். போர்டைக் காட்டிச் சண்டை போட வேண்டாம், போனைத் தூக்கி வீடியோ எடுத்து யார் மானத்தையும் வாங்க வேண்டாம். பரிமாறுகிற அக்கா சொல்லத் தயங்குகிறதைப் பார்த்தால் அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து இல்லை.

அடுத்து, நம் சொந்த இடங்கள். கல்யாண மண்டபத்து வாசல், எழவு வீட்டுப் பந்தல், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், கோயில் சமையல்கூடம். அங்கே அமைச்சு அதிகாரி வந்து நிற்கணும் என்று காத்திருக்க வேண்டாம். தொண்டு செய்யப் போகும் நம் பிள்ளைகள் தாங்களே அந்த மூன்று மீட்டர் கோட்டைப் போடலாம். கோடு கிழித்துவிட்டு வம்புக்கு நிற்காமல், தள்ளி ஒரு நாற்காலியும் ஒரு சாம்பல் தட்டும் வையுங்கள். போய் உட்கார இடம் இருந்தால் ஆளும் போவார்.

பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காவடி எடுக்க மாலை போட்டதும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு மண்டலம், 48 நாள் தொடாமல் இருக்கிற அண்ணன்மாரை நாம் வருடா வருடம் பார்க்கிறோம். முடியாது என்பவரால் முருகனுக்காக முடிகிறது. மாலையைக் கழற்றிய மறுநாளும் அதே முருகன்தான் இருக்கிறார். அடுத்த விரதத்தை முடிக்காமல் அப்படியே நீட்டிப் பாருங்கள். தனியாகப் போராட வேண்டியதில்லை. புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இருக்கிறது. மருந்து கேட்பதும் ஆலோசனை கேட்பதும் வெட்கம் இல்லை. விரதமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

உங்களில் 2007-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் தலைமுறைக்குச் சிகரெட்டும் வேப்பும் எந்த வயதிலும் விற்கக் கூடாது என்று ஒரு பிரிவு முதலில் மசோதாவில் இருந்தது. 2023 நவம்பரில் மக்களவையில் நிறைவேறியபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. சட்டம் உங்களுக்காகப் போடாமல் விட்ட கோட்டை நீங்களே போட்டுக்கொள்ள யாரும் தடுக்கப் போவதில்லை. சட்டம் கண் முன்னால் அதிகாரி இருக்கும்போது வேலை செய்யும். தர்மம் யாரும் பார்க்காத ராத்திரி பத்து மணிக்கும் வேலை செய்யும்.

பட்டிமன்றத்தில் தடை நியாயம் என்றுதான் நான் தீர்ப்புச் சொன்னேன். சட்டப் புத்தகம் சொல்கிறது என்பதால் சொல்லவில்லை. வேலையை விட்டு எழுந்து போக முடியாதவர், பேச வாய் இல்லாதவர், இன்னும் பேச்சே வராத குழந்தை, இவர்கள் பக்கம் நிற்பதுதான் தர்மம் என்பதால் சொன்னேன். மூன்று மீட்டர் என்பது சட்டம் அளந்து சொன்ன தூரம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து இன்னும் நாலு அடி தள்ளிப் போகிறவர், தன்னை அறியாமலே நீலகண்டனுக்கு ஒரு பூஜை செய்கிறார்.

எல்லாருக்கும் நல்ல மூச்சும் நல்ல புத்தியும் அருளும்படி எம்பெருமானை வேண்டுகிறேன்.

திருச்சிற்றம்பலம்.